லிஃபை நீக்கிப் பாருங்கள்: ஸ்டெம் செல்லின் சிக்னலைச் சோதிக்கும் வழி

சுண்டெலியின் கருநிலை ஸ்டெம் செல்லை, அதாவது இளங்கருவிலிருந்து எடுத்த, உடலின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய செல்லை, வளர்க்கப் பழக வருகிறவர்களை முதல் வாரம் மைக்ராஸ்கோப் முன்னால்தான் உட்காரவைப்பேன். நல்ல காலனி (செல் பெருகி உண்டான கூட்டம்) குவிந்திருக்கும், ஓரம் பளிச்சென்று மின்னும், உள்ளே ஒரு செல் எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஓரம் தட்டையாகி, ஒன்றிரண்டு செல்கள் கால் நீட்டி வெளியே ஊர்ந்தால், ஸ்டெம் செல்லாகவே இரு என்று சொல்லும் சிக்னல் எங்கோ பிசகிவிட்டது.

அந்தச் சிக்னலைத் தரும் புரதம் லிஃப். அதை நிறுத்தி அந்தப் பிசகை நாமே உண்டாக்கிப் பார்க்கலாம். ஆறு குழித் தட்டில் 0.1 சதவீத ஜெலட்டின் பூசுங்கள். முதல் இரண்டு குழிகளில் சீரம் கலந்த மீடியத்தோடு (வளர்ப்புக் கரைசல்) லிஃப், மில்லிலிட்டருக்கு 1000 யூனிட். அடுத்த இரண்டில் சீரம் மட்டும். கடைசி இரண்டில் சீரமும் வேண்டாம், லிஃபும் வேண்டாம். சீரம் இல்லாத என்2பி27 மீடியத்தில் இரண்டு தடுப்பான் மருந்துகள்: பிடி0325901 1 மைக்ரோமோலார், சிஎச்ஐஆர்99021 3 மைக்ரோமோலார். குழிக்குச் சில நூறு செல்கள் போதும். நெருக்கமாகப் போட்டால் எந்தக் காலனி எந்தச் செல்லிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. ஒற்றைச் செல் தன்னைப் போலவே ஒரு காலனியை எழுப்புகிறதா என்பதுதானே கேள்வி.

ஐந்தாறு நாளில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் சாயம் ஏற்றுங்கள்; ஸ்டெம் நிலை மாறாத காலனி அழுத்தமாக நிறமேறும். சீரம் மட்டும் உள்ள குழியில் காலனிகள் பரந்து வெளிறிக் கிடக்கும். கடைசிக் குழிகளில் லிஃப் இல்லாமலே உருண்டு நிற்கும். இவை லேசாகத்தான் ஒட்டியிருக்கும். தட்டைச் சாய்த்து ஓரமாக உறிஞ்சாவிட்டால் மீடியத்தோடு போய்விடும்.

ஏன் இப்படி? லிஃப் செல்லின் மேற்பரப்பில் தன் ஏற்பியையும் அதன் துணைப் புரதமான ஜிபி130ஐயும் சேர்த்துப் பிடிக்கிறது. ஜேக் நொதி, மரபணுக்களை இயக்கும் ஸ்டாட்3 புரதத்தின் 705ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏற்றுகிறது. ஜோடி சேர்ந்த ஸ்டாட்3 செல்லின் உட்கருவுக்குள் போய் கேஎல்எஃப்4 போன்ற மரபணுக்களை எழுப்புகிறது. கடைசிக் குழிகள் லிஃப் இல்லாமலே தாக்குப்பிடிப்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. இந்தச் செல் எஃப்ஜிஎஃப்4 என்ற வளர்ச்சிக் காரணியைத் தானே சுரந்து, அதையே கேட்டு, எர்க் என்ற சிக்னல் நொதி வழியாக உருமாறக் கிளம்புகிறது. பிடி அந்த வழியை அடைக்கிறது. சிஎச்ஐஆர் ஜிஎஸ்கே3 நொதியைத் தடுப்பதால் பீட்டா-கேட்டனின் புரதம் சிதையாமல் சேர்ந்து, ஸ்டெம் நிலையைக் காக்கும் எஸ்ஆர்ஆர்பி மரபணு மீது டிசிஎஃப்3 என்ற அடக்கும் புரதம் போட்ட பிரேக்கைத் தளர்த்துகிறது. 2008இல் வந்த இந்தக் கலவை, வளர்ப்பு என்றால் ஊட்டுவது என்று இருந்த என் எண்ணத்தை மாற்றியது. பாதி வேலை செல்லின் காதை அடைப்பதுதான்.

மரபணு அளவில் பார்க்க, லிஃபைச் சில மணி நேரம் நிறுத்தித் திரும்ப ஊற்றுங்கள். பாஸ்பேட் ஏறிய ஸ்டாட்3ஐ (பாஸ்போ-ஸ்டாட்3) ஆன்டிபாடியால் படலத்தில் பட்டையாகக் காண 15, 30 நிமிடத்தில் புரதம் எடுங்கள், ஒரு மணி நேரத்தில் ஆர்என்ஏ. ஸ்டாட்3 எழுப்பும் சாக்ஸ்3 (SOCS3) மரபணு சட்டென்று எகிறும். அதன் புரதமே திரும்பி வந்து ஜேக்கை அடக்கும் என்பதால் பின்னால் பாஸ்போ-ஸ்டாட்3 பட்டை மங்கினால் பதற வேண்டாம். நான் ஒருமுறை இரண்டு வாரம் வெற்றுப் படலத்தைப் பார்த்து ஆன்டிபாடியைத் திட்டிக்கொண்டிருந்தேன். மொத்த ஸ்டாட்3 தெளிவாக இருந்தது; செல்லை உடைக்கும் லைசிஸ் கரைசலில், பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிக்கான தடுப்பானைச் சேர்க்க மறந்தது நான்தான்.

லிஃபை நிறுத்திய பிறகு, ஸ்டெம் நிலையைக் காட்டும் மரபணுக்களில் ஆக்ட்4ஐ மட்டும் நம்பாதீர்கள், அது மெதுவாகத்தான் இறங்கும். நானாக், ரெக்ஸ்1, கேஎல்எஃப்4 முதலில் காட்டிக்கொடுக்கும். ஆக்ட்4 பாதிக்குக் கீழே போனால் செல் நஞ்சுக்கொடிப் பக்கம் சாயும். அளவு கூடினாலோ, இருமடங்கை எட்டுமுன்பே வேறு பக்கம் உருமாறும்.

1998இல் ஜேம்ஸ் தாம்சன் பிரித்தெடுத்த மனிதச் செல்லுக்கு இந்தச் செய்முறை ஒத்துவராது. அதற்கு எஃப்ஜிஎஃப்2, ஆக்டிவின் என்ற சிக்னல் புரதங்கள் வேண்டும். லிஃப் ஊற்றினாலும் அது ஸ்டெம் நிலையில் நிற்காது. எலிச் செல்லை ஸ்டெம் நிலையிலிருந்து வெளியே தள்ளும் எஃப்ஜிஎஃப் சிக்னல்தான் மனிதச் செல்லை அதில் நிறுத்திவைக்கிறது. இரண்டையும் வளர்ப்பவர்கள் மீடிய பாட்டில் மூடிகளில் வேறு வேறு நிற டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.