தணிக்கை அலுவலகத்தில் கோடைப் பயிற்சிக்குப் போகிறீர்களா?

பி.காம். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் கோயம்புத்தூரில் ஒரு பட்டயக் கணக்காளர் அலுவலகத்தில் பயிற்சி பெற்றேன். தொடக்கத்தில் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் வவுச்சர் கட்டுகள்தான், அதாவது ஒவ்வொரு செலவுக்கும் ஆதாரமான சீட்டுகள். அதை அற்ப வேலை என்று ஒதுக்காதீர்கள். தொழிலின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

தொகையை மட்டும் பார்த்து டிக் போடாதீர்கள். தேதி, கணக்கு ஆண்டு முடியும் மார்ச் 31-க்கு முன்பா, பின்பா? பில் நிறுவனத்தின் பெயரிலா, முதலாளியின் சொந்தப் பெயரிலா? ரொக்கம் என்றால் கூடுதல் கவனம் தேவை. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவைப் பொதுவாகக் கழிக்க முடியாது. சரக்கு லாரி வாடகைக்கு வரம்பு 35,000. ஒரு நூற்பாலைக் கணக்கில் ஒரே ஆளுக்கு ஒரே தேதியில் 9,500 ரூபாய் வீதம் இரண்டு ரொக்க வவுச்சர்கள் இருந்தன. சேர்த்தால் 19,000, வரம்பைத் தாண்டுகிறது. சீனியர் அக்காவிடம் காட்டினேன். "நல்லது. ஆனால் வாடிக்கையாளரிடம் நீயே போய்க் கேட்காதே. வவுச்சர் எண்ணோடு எழுதிக் கொடு, நான் கேட்கிறேன்" என்றார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

நிறுவனத்தின் கணக்கில் உள்ள வங்கி இருப்பும் வங்கி காட்டும் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலைப் போட்டுப் பழகிவிட்டுப் போங்கள். எக்செலில் ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடித் தரும் விலுக்அப் (VLOOKUP) தெரிந்தால் பாதி நேரம் மிச்சம். வாடிக்கையாளரின் கணக்கைப் பற்றி பஸ்ஸில்கூடப் பேசாதீர்கள்.

உதவித்தொகை உண்டா என்பதைச் சேரும்போதே கேளுங்கள். சான்றிதழை விடைபெறும் முன்பே வாங்கிவிடுங்கள். வரித் தணிக்கை அறிக்கைக்கான செப்டம்பர் 30 கெடு நெருங்கிவிட்டால் அங்கே யாருக்கும் நிமிர நேரமிருக்காது.