கன்று நடும் முன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

பென்னாகரம் சாலையில் ஒகேனக்கல்லுக்கு இறங்கும்போது ஜன்னல் வழியே கவனியுங்கள். பாறைச் சரிவில் அரப்பு மரமும் ஆவாரையும் விராலியும் நிற்கும். கீழே காவிரிக் கரையை எட்டியதும் நீர்மருது வந்துவிடும். இரண்டுக்கும் மழை ஏறக்குறைய ஒன்றுதான். மண்ணின் ஆழம், ஈரம், மக்கு (சருகு மட்கி மண்ணோடு கலந்தது), இவைதான் வேறு.

உங்கள் நிலத்திலும் இதே கதைதான். கன்று வாங்கும் முன் வேலி ஓரத்து மரத்தடியில் ஒரு குழி, வெட்டவெளியில் ஒரு குழி, ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டுங்கள். மரத்தடியில் சருகுக்குக் கீழே கருப்பாக, பொலபொலவென்று, முதல் மழை வாசத்தோடு இருப்பதுதான் மக்கு. வெட்டவெளியில் நம் செம்மண் பெரும்பாலும் இறுகிக் கிடக்கும். இரண்டு குழியிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, எது சீக்கிரம் உறிஞ்சுகிறது என்று பாருங்கள். மக்குள்ள குழி மளமளவென்று குடித்துவிடும், அந்த ஈரத்தைப் பிடித்தும் வைத்திருக்கும்.

மண்வள அட்டை இருந்தால் அங்கக கார்பன் அளவைப் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு. அதை 1.72ஆல் பெருக்கினால் மக்கின் அளவு தோராயமாகக் கிடைக்கும்.

சரி, மக்கு இல்லாத மேட்டில் என்ன நடலாம்? அங்கே ஏற்கெனவே தானாக முளைத்திருப்பதை நம்புங்கள். அரப்பு, வேம்பு, புளி வைக்கலாம். நீர்மருதைப் பள்ளத்துக்கு விட்டுவிடுங்கள். கோரை மண்டிய இடத்தில் தண்ணீர் தேங்கும், அங்கே புங்கன் தாங்கும்.

அப்புறம், சருகைத் தயவுசெய்து கொளுத்தாதீர்கள். கன்றின் தூரைத் தொடாமல் சுற்றிலும் பரப்பிவிடுங்கள்.