முழங்கால் வீங்கினால் எண்ணெய்ப் போத்தலைத் தேட வேண்டாம்

மாரி தொடங்கினால் கிணற்றடியெல்லாம் பாசிதான். வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கினால் எங்கள் வீடுகளில் உடனே எண்ணெய் பூசி உருவுவார்கள், இல்லாவிட்டால் நொச்சியிலை ஒத்தணம். முதல் இரண்டு மூன்று நாளுக்கு இரண்டுமே கூடாது. சூடும் உருவலும் வீக்கத்தைக் கூட்டிவிடும். அப்பம்மா கோபித்தாலும் பரவாயில்லை.

ஐஸ்கட்டியைத் துவாயில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை. படுக்கும்போது கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கத் தலையணைகளை அடுக்குங்கள். இலாஸ்டிக் பண்டேஜ் சுற்றலாம், விரல் விறைத்தால் தளர்த்திவிடுங்கள்.

நோவுக்குப் பரசிட்டமோல் போதும். டெங்குக் காலம் வேறு, காய்ச்சலும் இருந்தால் இபுபுரோஃபன், டைக்குளோஃபெனக் பக்கமே போகாதீர்கள்.

விழுந்த ஓரிரு மணித்தியாலத்துக்குள்ளேயே பெரிதாக வீங்கினால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம், வைத்தியரிடம் காட்டுங்கள். நாலு அடி நடக்க முடியவில்லை, 90 பாகைக்கு மடக்க முடியவில்லை, முழங்காற் சிரட்டையை அழுத்தினால் நோகிறது: இதில் ஒன்று இருந்தாலே எக்ஸ்ரே தேவை. 55 வயதைத் தாண்டியவர்கள் எப்படியும் எடுத்துப் பார்ப்பது நல்லது. கால் கோணிப்போயிருந்தால் நிமிர்த்திப் பார்க்காமல் 1990ஐ அழையுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை.