அமெரிக்க அப்லேஷன் கணக்கை ஏமாறாமல் படிப்பது எப்படி

கதீட்டர் அப்லேஷன் (ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை விட்டு, துடிப்பைக் குலைக்கும் இதயத் திசுவை அழிக்கும் சிகிச்சை) அமெரிக்காவில் கூடுகிறதா, குறைகிறதா என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் எடுப்பது நேஷனல் இன்பேஷன்ட் சாம்பிள் (என்ஐஎஸ்) என்ற, உள்நோயாளிகளின் மாதிரித் தரவு. அதில் கோடு இறங்கினால் சிகிச்சை குறைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். காலையில் அப்லேஷன் செய்து மாலையில் வீடு திரும்பியவரும், ‘அப்சர்வேஷன்’ (அட்மிஷன் போடாத கண்காணிப்பு) கணக்கில் ஒரு ராத்திரி தங்கியவரும் என்ஐஎஸ்ஸில் ஏறமாட்டார்கள். அட்மிஷன் போட்டவர்கள் மட்டுமே அங்கே இருப்பார்கள்.

முதலில், எந்தத் துடிப்புக் கோளாறு என்று பிரியுங்கள். நோய்க்கும் சிகிச்சைக்கும் எண் தரும் ஐசிடி குறியீட்டின் ஒன்பதாம் பதிப்பு (ஐசிடி-9) இருந்த காலத்தில் கதீட்டர் வழியான எல்லா அப்லேஷனுக்கும் 37.34 என்ற ஒரே குறியீடுதான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏஎஃப், இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) மட்டும் வேண்டுமென்றால் முதன்மை நோயறிதல் 427.31 ஆக இருக்கும் வரிகளை எடுத்து, மற்ற துடிப்புக் கோளாறுகளான ஃப்ளட்டர் (427.32), எஸ்விடி (427.0), டபிள்யூபிடபிள்யூ (426.7), வென்ட்ரிக்குலர் டாக்கிகார்டியா (விடி, 427.1) உள்ளவற்றை நீக்குங்கள். அடுத்ததைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: அதே அட்மிஷனிலோ முன்போ பேஸ்மேக்கர் வைத்தவர்களையும் நீக்க வேண்டும். மருந்துக்கு அடங்காத ஏஎஃப்பில் மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்பைக் கடத்தும் ஏவி நோடையே சுட்டுவிட்டு பேஸ்மேக்கர் பொருத்துவதும் இதே 37.34-இல்தான் விழுகிறது. அவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், இதயம் பலவீனமானவர்கள். அவர்கள் கலந்தால் இறப்பு விகிதம் வீணாக எகிறும்.

2015 அக்டோபர் 1-இல் ஐசிடி-10 வந்தது. அந்த ஆண்டின் முதல் ஒன்பது மாதம் பழைய குறியீடு, கடைசி மூன்று மாதம் புதியது. 2014-யும் 2016-யும் ஒரே கோட்டில் இணைத்து இடையில் தெரியும் பள்ளத்துக்கு மருத்துவக் காரணம் தேடுவது வீண்வேலை. ஐசிடி-10-க்குள்ளும் ஒரு கண்ணி உண்டு: 2019 அக்டோபரில் ஐ48.1, ஐ48.11 என்றும் ஐ48.19 என்றும் பிரிந்தது, ஐ48.2-வும் அப்படியே. பழைய பட்டியலை அப்படியே ஓட்டினால் நாள்பட்ட ஏஎஃப் நோயாளிகள் திடீரென மாயமாவார்கள்.

மாதிரியை நாடு முழுவதற்கும் பெருக்கிக் காட்டும் எடையில் வரும் தப்பு இன்னும் பெரியது. என்ஐஎஸ் ஏறத்தாழ 20% மாதிரி. ஒரு வரி சுமார் ஐந்து அட்மிஷனுக்குச் சமம். 2011 வரை மருத்துவமனைகளில் ஐந்தில் ஒன்றைத் தேர்ந்து அங்குள்ள எல்லா டிஸ்சார்ஜையும் எடுத்தார்கள். 2012 முதல் எல்லா மருத்துவமனைகளிலிருந்தும் டிஸ்சார்ஜில் ஐந்தில் ஒன்றை எடுக்கிறார்கள். ஆகவே 2011 வரை, பழைய ஆண்டுகளைப் புதிய முறையோடு ஒப்பிடத் தரப்படும் டிரெண்ட் எடை, அதன்பின் வழக்கமான டிஸ்சார்ஜ் எடை. இந்த மாற்றம் வேறொரு கதவையும் மூடிவிட்டது. 2000–2010 தரவில் 93,801 ஏஎஃப் அப்லேஷனைப் பார்த்து 2013-இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் வந்த ஆய்வு, சிக்கல்கள் 6.29% என்றும், ஆண்டுக்கு 25-க்குக் குறைவாகச் செய்யும் மருத்துவரிடமும் 50-க்குக் குறைவாகச் செய்யும் மருத்துவமனையிலும் விளைவு மோசம் என்றும் சொன்னது. 2012-க்குப் பிந்தைய என்ஐஎஸ்ஸில் ஒரு மருத்துவமனையின் முழு எண்ணிக்கை கிடைக்காது. அங்கே அதே கணக்கைப் போட்டிருக்கும் கட்டுரையை நம்ப வேண்டாம்.

சிக்கல் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா? கைத்திறன் குறைந்ததாக எண்ணுவதற்கு முன் அட்மிஷன் ஆனவர்களின் வயதையும் கூட இருக்கும் நோய்களையும் பாருங்கள். உடல்நிலை நன்றாக உள்ளவர்கள் அன்றே வீட்டுக்குப் போகத் தொடங்கியதும், மிஞ்சியிருப்பவர்கள் நோய் முற்றியவர்கள்தான். குறியீடும் ஏய்க்கும்: இதயத்தைச் சுற்றித் திரவம் தேங்கி அதை நெருக்கும் கார்டியாக் டாம்பொனேடுக்குத் தனிக் குறியீடு (423.3) வந்ததே 2007 அக்டோபரில்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அதைத் தேடினால் பூஜ்யம்தான் வரும். இதயத்தைச் சுற்றிய திரவத்தை ஊசியால் எடுத்ததற்கான 37.0-ஐயும் சேர்த்துத் தேடுங்கள்.

என்ஐஎஸ் டிஸ்சார்ஜோடு நின்றுவிடும். இடது ஏட்ரியத்துக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே ஓட்டை விழுவது அபூர்வம், ஆனால் உயிரைக் குடிப்பது. அது தலைகாட்டுவது பெரும்பாலும் சில வாரம் கழித்து. நுரையீரல் சிரை சுருக்கம் வெளிப்பட மாதங்களாகும். இவற்றைப் பிடிக்க, மீண்டும் அட்மிஷன் ஆனவர்களைக் காட்டும் ரீஅட்மிஷன் தரவு (என்ஆர்டி) வேண்டும். அதிலும் ஒருவரைத் தொடர முடிவது ஒரே மாநிலத்துக்குள், ஒரே நாட்காட்டி ஆண்டுக்குள். 30 நாள் கணக்கு போடும்போது டிசம்பர் நோயாளிகளைக் கழித்துவிடுங்கள்.

வெளிநோயாளிப் பக்கத்துக்கு மெடிகேர் (பெரும்பாலும் முதியோருக்கான அரசுக் காப்பீடு) பில்லிங் பார்க்கலாம். 2013 முதல், பில்லில் சிகிச்சையைக் குறிக்கும் சிபிடி குறியீடுகள் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன: 93653 எஸ்விடி, 93654 விடி, 93656 ஏஎஃப், ஏவி நோடுக்கு 93650. மெடிகேரில் பெரும்பாலோர் 65 தாண்டியவர்கள் என்பதால், இளவயதில் அதிகம் செய்யப்படும் எஸ்விடி அப்லேஷன் அங்கே குறைத்தே தெரியும். வரைபடத்தில் திசுவை உறையவைக்கும் கிரையோபலூனுக்கான அனுமதி (2010 டிசம்பர்), மின்துடிப்பால் திசுவை அழிக்கும் பல்ஸ்டு ஃபீல்டு கருவிகளுக்கான அனுமதி (2023 டிசம்பர், 2024 ஜனவரி) ஆகியவற்றைச் செங்குத்துக் கோடுகளாகப் போட்டு வையுங்கள். ஆனால் கோட்டுக்கு அடுத்த மாதமே எண்ணிக்கை ஏறினால் கருவிதான் காரணம் என்று எழுத வேண்டாம், மருத்துவமனைகள் வாங்கிப் பழக நாளாகும்.

விடி போன்ற சிறு பிரிவுகளில் வயது, மாநில மண்டலம் என்று மேலும் வெட்டினால் ஒரு கட்டத்தில் பத்தோ அதற்குக் கீழோ வரிகள் மட்டும் நிற்கும். அந்தக் கட்டங்களை வெளியிட என்ஐஎஸ் விதி அனுமதிக்காது. இரண்டு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துக் காட்டுங்கள்.