ஒப்பந்த முறையில் கிளவுட் பாதுகாப்பு ஆர்க்கிடெக்டை அமர்த்துவது எப்படி?

தரமணியிலிருந்து சிறுசேரி வரை ஐ.டி. நிறுவனங்கள் வரிசையாக நிற்கும் சென்னையில், கிளவுடின் (இணையம்வழி வாடகைக்குக் கிடைக்கும் கணினி வசதியின்) பாதுகாப்பை வடிவமைக்கும் ஆள் கிடைப்பது கடினமன்று. எதற்காக ஆள் தேடுகிறோம் என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்வதே கடினம். பழைய சர்வர்களில் ஓடும் மென்பொருளைக் கிளவுடுக்கு மாற்றும் பணியில் சில மாதங்கள் மட்டுமே உடனிருக்கப்போகிறவர் அவர். எனவே, அவர் விடைபெறும் நாளில் நம் கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை முதலில் பட்டியலிடுங்கள்: யாருக்கு எந்த அனுமதி என்ற வரையறை, நெட்வொர்க் பிரிவுகளின் வரைபடம், குறியாக்கச் சாவிகளைக் காக்கும் முறை, இவற்றை உருவாக்கும் டெர்ராஃபார்ம் கோப்புகள் (கிளவுட் அமைப்புகளைத் தானாக எழுப்பும் கருவிக்கான கோப்புகள்), ஒவ்வொரு முடிவுக்குமான காரணம்.

சான்றிதழ்கள் முதல் சல்லடை மட்டுமே. நேர்முகத்தில், 2019இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியில் நடந்த தகவல் திருட்டை விளக்கச் சொல்லுங்கள். வலைப் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால் தவறாக அமைக்கப்பட்டிருந்தது என்பதோடு நிறுத்துபவர் செய்தி படித்தவர். அந்த ஃபயர்வாலின் ரோலுக்கு (அதற்கு வழங்கிய அனுமதித் தொகுப்புக்கு), சேமிப்பகங்களைப் படிக்கும் அனுமதி எதற்கு என்று கேட்பவரே நமக்கு வேண்டியவர். இணையப் பாதுகாப்புச் சம்பவம் எதையும் அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாகுகளை (கணினிச் செயல்பாட்டுப் பதிவுகளை) 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்ற இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022ஆம் ஆண்டு உத்தரவைத் தம் வடிவமைப்பில் எங்கே பொருத்துவார் என்றும் கேளுங்கள். வேறோரிடத்தில் நிரந்தரப் பணியில் இருக்கிறாரா என்பதைக் கூச்சமின்றி விசாரித்துவிடுவது நல்லது.

ஒப்பந்தத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பணியாளர் அல்லாத ஒருவர் எழுதிய நிரலும் ஆவணமும், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்துமூலம் மாற்றித் தரப்படாதவரை பொதுவாக அவருக்கே உரியவை. மாற்றித் தரும்போதும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் அந்த உரிமை 5 ஆண்டுகளுக்கும், நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கும் மட்டுமே செல்லும். ஆகவே இரண்டையும் வெளிப்படையாக எழுதுங்கள். பணி முடிந்தபின் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனை, 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி செல்லாது. அதை நம்புவதைவிட ரகசியக்காப்பு விதியை இறுக்கமாக எழுதுவது மேல்.

எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கு எந்நாளும் உங்கள் அதிகாரியிடமே இருக்கட்டும். ஆர்க்கிடெக்டுக்குக் காலாவதித் தேதியுள்ள தனிக் கணக்கு போதும். கடைசி மாதத்தில், அவர் விட்டுச்செல்லும் கோப்புகளை மட்டும் கொண்டு உங்கள் பொறியாளர் ஒருவர் சோதனைச் சூழலைப் புதிதாக எழுப்பட்டும். ஆர்க்கிடெக்ட் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அது தேறிய பிறகு இறுதித் தவணையைக் கொடுங்கள்.