விலைச்சீட்டு ஒட்டிய நாற்காலி: கனடாவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நான் கனடாவுக்கு வந்த முதல் கோடையில், என் மேலாளர் தன் வீட்டு வாசலில் மடக்கு மேசை போட்டுப் பழைய காப்பிக் கோப்பைகளையும் பிள்ளைகளின் பொம்மைகளையும் விற்றுக்கொண்டிருந்தார். கோப்பை ஒன்று 50 சென்ட். அவருக்கு ஏதோ பணக் கஷ்டம் போல என்று நினைத்து, பார்க்காத மாதிரி தெருவின் மறுபக்கம் நடந்து போய்விட்டேன். திங்கட்கிழமை அவரே கேட்டார்: "சனிக்கிழமை எங்கள் கராஜ் சேலுக்கு ஏன் வரவில்லை? எல்லோரும் வந்திருந்தார்களே."

நம்மூரில் பழைய பொருள் வீட்டை விட்டுப் போகும் வழி வேறு. பேப்பரும் இரும்பும் எடைக்குப் போகும். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் வாங்குவோம். கட்டில், நாற்காலி, குக்கர் என்றால் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கோ ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்கோ கொடுத்துவிடுவோம். தெரிந்தவரிடம் காசு வாங்கினால், "இதைப் போய் விற்றார்களாமே" என்று பேச்சு வரும். யோசித்துப் பார்த்தால், அங்கே பழைய பொருள் பெரும்பாலும் இருப்பவரிடமிருந்து இல்லாதவருக்கு இறங்கிப் போகிறது. வாங்கிக்கொள்பவர் கொஞ்சம் குனிந்துதான் வாங்க வேண்டியிருக்கிறது. இங்கே அது பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து இன்னொரு பக்கத்து வீட்டுக்காரருக்குப் போகிறது. 20 டாலர் கொடுத்து மேசையை எடுத்துப் போகிறவர் யாருக்கும் நன்றிக்கடன் பட்டவர் இல்லை.

எனக்கு இது புரிந்தது வீடு மாறியபோதுதான். எதிர்வீட்டுப் பெரியவர் என் புத்தக அலமாரியைப் பார்த்து, என்ன விலை என்று கேட்டார். "சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். மறுபடியும் விலை கேட்டார். நானும் பணம் வேண்டாம் என்றே சொல்ல, அவர் சங்கடத்தோடு திரும்பிப் போய்விட்டார். மறுநாள் நானே போய், "15 டாலர்" என்றேன். அரை மணி நேரத்தில் மகனோடு வந்து தூக்கிக்கொண்டு போனார்.

இலவசமாகக் கொடுப்பதும் இங்கே உண்டு, ஆனால் அதற்கு ஆள் பார்ப்பதில்லை. நல்ல நாற்காலியை நடைபாதை ஓரம் வைத்து, 'ஃப்ரீ' என்று எழுதி ஒட்டிவிடுவார்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், அதில் வெட்கம் எதுவும் இல்லை. மான்ட்ரியலில் பல வீட்டு வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் கடைசியில் முடிவதால் ஜூலை 1ஆம் தேதி ஊரே வீடு மாறும். அன்று தெருவோரம் எல்லாம் சாமான்கள்தான்.

கராஜ் சேல் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை, சனிக்கிழமை காலையில் நடக்கும். நல்ல பொருள் வேண்டுமென்றால் சீக்கிரம் போங்கள், சில்லறை கொண்டுபோங்கள். மற்ற நாட்களில் இணையத்தில் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், கிஜிஜி. பழைய பொருள் கடைகளில் வேல்யூ வில்லேஜ், சால்வேஷன் ஆர்மி. மேசை, அலமாரி, கதவு போன்றவற்றுக்கு ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டி என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் ரீஸ்டோர் நல்ல இடம். அங்கே வரும் பணம் வசதி குறைந்த குடும்பங்களுக்கு வீடு கட்ட உதவுகிறது.

நம்மவர்களுக்கு மனம் ஒப்பாதது 'கன்டென்ட் சேல்'. வயதானவர் இறந்துவிட்டாலோ சின்ன வீட்டுக்குப் போய்விட்டாலோ, வீட்டுக் கதவைத் திறந்துவைத்து, அறை அறையாகப் பொருட்களுக்கு விலை ஒட்டி விற்பார்கள். இறந்தவர் படுத்த பாயையும் உடுத்திய துணியையும் வீட்டில் வைக்காத வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அது கஷ்டமாக இருப்பது நியாயம்தான். அப்படி ஓர் அம்மா இறந்த வீட்டுக்குப் போனபோது எனக்கும் கட்டில் வாங்க மனம் வரவில்லை. ஆனால் அந்த அம்மா 40 வருடம் சமைத்த இரும்புச் சட்டியை வாங்கினேன். அவருடைய மகள் அதைத் துடைத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தார். அம்மாவின் சட்டி குப்பைக்குப் போகாமல் இன்னொரு அடுப்பில் ஏறுகிறதே என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

பேரம் பேசலாம், ஆனால் அளவோடு. 40 டாலர் என்று போட்டிருந்தால் 35க்குக் கேட்பது சரி, 10க்குக் கேட்டால் பதிலே வராது. இணையத்தில் பார்த்து வாங்கினால், செய்தி அனுப்பும்போதே விலையை முடித்துவிடுங்கள். முடித்த பிறகு வாசலில் நின்று குறைக்கச் சொல்வது இங்கே வாக்கு மீறியதாகத்தான் படும். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதும் அப்படித்தான். நீங்கள் விற்கும்போது கீறல், பழுது எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பொருளை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

குழந்தைப் பொருட்களில் மட்டும் பழையது போதும் என்று அவசரப்படாதீர்கள். சக்கரம் வைத்த வாக்கர் 2004 ஏப்ரல் முதல் கனடாவில் தடை. கராஜ் சேலில்கூட விற்கக் கூடாது, ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவரவும் கூடாது. பக்கத் தடுப்பு கீழே இறங்கும் தொட்டிலை விற்க 2016 டிசம்பர் 29 முதல் தடை. கார் சீட்டில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், கனடாவின் பாதுகாப்பு முத்திரையும் இருக்க வேண்டும். விபத்தில் அடிபட்டதா என்று கேளுங்கள். உறுதியான பதில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், மெத்தை. தெருவோரம் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் தொடாதீர்கள். மூட்டைப்பூச்சி ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால் அதை ஒழிக்க ஆகும் செலவில் புது மெத்தையே வாங்கிவிடலாம். மரக்கட்டில், சோஃபா என்றால் தையல் ஓரத்தையும் இணைப்புகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

நமக்குள் விற்கும்போதுதான் இன்னும் சிக்கல். "உங்களிடம் போய்க் காசா?" என்போம், பிறகு மனதில் ஒரு கணக்கு ஓடும். வாங்கியவருக்கும் அது உறுத்தும். விற்பதா, கொடுப்பதா என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள் அண்ணா, அக்கா. உறவு கெடாது.

ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி, கிரைண்டர் இங்கே 120 வோல்ட்டில் நேரடியாக ஓடாது. அதனால் டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும் பக்கத்து ஊரான பிராம்ப்டனிலும், இங்கே ஓடக்கூடிய '110 வோல்ட்' வெட் கிரைண்டரை யாராவது விற்கிறார்கள் என்றால் வாட்ஸ்அப் குழுக்களில் சூடாகப் போகும். பார்த்தவுடன் போன் பண்ணிவிடுங்கள், மாலைவரை இருக்காது.