காட்டுக்கு சுமை தூக்க பிரேம் பேக்: லிட்டர விடுங்க, இடுப்ப பாருங்க

கல்லிடைக்குறிச்சில எங்க வீட்டுல வருஷம் தவறாம ஆடி அமாவாசைக்கு மலைக் காட்டுக்குள்ள இருக்க சொரிமுத்தையன் கோயிலுக்குப் போவோம். இப்பல்லாம் சொந்த வண்டிய அகஸ்தியர்பட்டிலயே நிப்பாட்டிட்டு அரசு பஸ்ல ஏறச் சொல்லிருதாவ, அதனால அரிசி, அண்டா, தண்ணி கேன், போர்வை எல்லாம் கையிலயும் தலையிலயும்தான். பொறவு புரட்டாசி சனிக்கிழமைக்கு திருக்குறுங்குடி மலை நம்பி கோயிலு, அங்க ஜீப் போகுது, ஆனா நாங்க கொஞ்சப் பேரு நடந்துதான் ஏறுவோம், அன்னதானத்துக்கு எண்ணெ டின்னும் அரிசியும் எங்க தோள்லதான் வரும். இப்படி பல வருஷம் சாதாரண டிராவல் பேக்ல தூக்கித் தூக்கி தோள்பட்டை ரெண்டும் தழும்பாப் போச்சு.

எங்க அக்கா வீட்டுக்காரரு, அத்தான், அமெரிக்காவுல கொலராடோல இருக்காவ. அங்க செப்டம்பர் மாசம் ஆபீஸ் ஆளுகளோட எல்க் (அங்க உள்ள பெரிய மான்) வேட்டைக்குப் போவாவ, லைசென்ஸ் எடுத்துத்தான். ஒரு தடவ ஊருக்கு வரும்போது அவிய பழைய வேட்டை பேக்க எனக்குக் கொண்டு வந்து தந்தாவ, 25 கிலோ அரிசி சிப்பத்த அதுல கட்டி முதுகுல ஏத்திட்டு நடந்தப்பத்தான் இத்தன நாள் என்ன தப்பு பண்ணிட்டு இருந்தோம்னு புரிஞ்சிச்சு. அதுக்கப்புறம் நாலஞ்சு பேக்க கையில எடுத்து, கட்டி, நடந்து பாத்துருக்கேன், அத வச்சுத்தான் இத எழுதுதேன்.

முதல்ல ஒன்னு சொல்லிருதேன். வேட்டை பேக்னு பேரு இருக்குன்னு இங்க யாரும் வேட்டைன்னு கெளம்பிராதீங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கு, இந்தக் கோயிலுக இருக்க களக்காடு முண்டந்துறை காடு 1988லயே புலிகள் காப்பகம் ஆயிட்டு, தமிழ்நாட்டுலயே அதுதான் முதல் புலிகள் காப்பகம். மிளாவ (கடமான) உயிரோட பாக்கதுதான் அழகு. நமக்கு அந்த பேக்ல வேண்டியது அந்தச் சட்டகம், அதான் பிரேம், அது மட்டும்தான்.

ஏன் வேட்டைக்காரங்க பேக் இவ்வளவு பலமா இருக்குன்னா, எல்க்ங்கது நம்ம மிளாவ விடப் பெருசு, ஒரு கடா 300 கிலோவுக்கு மேல வரும். எலும்ப எடுத்துட்டு கறி மட்டும் கட்டினாலே 90, 100 கிலோ தேறும், ஒரு பின்னந்தொடை எலும்போட 30 கிலோ பக்கம். ரோடு இல்லாத மலையில அத நாலஞ்சு நடையா சுமந்துட்டு வரணும், லேட்டானா கறி கெட்டுப் போகும். அந்த மாதிரி சுமைக்கு செஞ்ச பேக்ல நம்ம அரிசியும் எண்ணெ டின்னும் பெரிய விஷயமே இல்ல.

இப்ப பிரேம் என்ன வேலை செய்யுதுன்னு பாப்போம். நம்ம ஆத்தாமாரு தலையில சும்மாடு வச்சு நெல்லு மூட்டை தூக்குவாவல்ல, அதுல பாரம் நேரா முதுகெலும்பு வழியா கால்ல இறங்கிரும், தோளு இழுக்காது. பிரேம் பேக்கும் அதே கணக்குதான், தலைக்குப் பதிலா இடுப்பெலும்புல பாரத்த உக்கார வைக்கணும். பிரேம்ங்கது மேல இருக்க பாரத்த வளையாம இடுப்பு பெல்ட்டுக்குக் கடத்துற கம்பி, அவ்வளவுதான். கம்பி வளைஞ்சிச்சுன்னா பேக் குறுகும், குறுகினா பாரம் தோளுக்கு வந்துரும். கடையில எத்தன ஜிப், எத்தன பாக்கெட், எத்தன லிட்டர்னு கேக்கோம், 25 கிலோ ஏத்துனா இந்தக் கம்பி வளையுமான்னு யாரும் கேக்கதில்ல.

வகை மூனு இருக்கு. முதல் வகை வெளிச் சட்டகம், ஏணி மாதிரி அலுமினியக் குழாய், அதுல பை தொங்கும். 1952ல கலிபோர்னியால டிக் கெல்ட்டி இத இடுப்பு பெல்ட்டோட செஞ்சு விக்க ஆரம்பிச்சாரு, அதுக்கு முன்னாடி மரப்பலகைல செஞ்சதெல்லாம் இருந்துருக்கு. இதுல நல்லது என்னன்னா முதுகுக்கும் பைக்கும் நடுவுல காத்து போகும், நம்ம ஊரு வேர்வைக்கு அது பெரிய சுகம், பையக் கழட்டிட்டு வெறும் சட்டகத்துல எண்ணெ டின்ன நேரா கட்டலாம், விலையும் கம்மி. கெட்டது என்னன்னா பாரம் முதுகுல இருந்து தள்ளி நிக்கதால பாறைல கால மாத்தி வைக்கும்போது ஆட்டும், நடக்க நடக்க கிரீச் கிரீச்னு சத்தம் போடும், ஈத்தக்காட்டுக்குள்ள குனிஞ்சு போகும்போது குழாய் முனை ஈத்தையில மாட்டிக்கிடும். ஒரு தடவ அப்படி மாட்டி பின்னால இழுத்து உக்கார வச்சிட்டு என்ன.

ரெண்டாவது உள் சட்டகம், இப்ப கடையில தொங்குறதுல முக்காவாசி இதுதான். உள்ள ஒரு பிளாஸ்டிக் பலகை, ரெண்டு அலுமினியப் பட்டை. உடம்போட ஒட்டி நிக்கும், ஆட்டம் கம்மி, 15 கிலோ வரைக்கும் ரொம்ப நல்லா இருக்கும். அதுக்கு மேல ஏத்தினா சுமாரான பேக்ல பட்டை வளைய ஆரம்பிச்சிரும். நான் ஆன்லைன்ல வாங்கின ஒரு பேக்ல (பேரு வேண்டாம்) 22 கிலோ ஏத்தி நம்பி மலை பாதி ஏறுறதுக்குள்ள பட்டை துணியக் கிழிச்சிட்டு கீழ வந்து இடுப்புல குத்திட்டு, அன்னைக்கு அரிசிய ரெண்டு துண்டுல பிரிச்சுக் கட்டி தலையில தூக்கிட்டுப் போனோம். இன்னொரு குறை, எல்லாம் பைக்குள்ளதான் போகணும், அண்டா மாதிரி சாமான வெளிய கட்ட முடியாது, கட்டினா பின்னால இழுக்கும்.

மூனாவதுதான் வேட்டை வகை. சட்டகம் தனியா நிக்கும், பை அதுல பக்கிள் போட்டு மாட்டியிருக்கும். பைய லூஸ் பண்ணி சட்டகத்துல இருந்து விலக்கினா நடுவுல ஒரு இடம் கிடைக்கும், அங்க கறி மூட்டைய வச்சு பைய மேல போட்டு இறுக்கிக் கட்டிருவாவ. இதுதான் இதோட சூட்சுமம். பெரிய பாரம் முதுகோட ஒட்டி நிக்கும், சின்ன சாமான் வெளிய பையில. அரிசி சிப்பம், தண்ணி கேன் எல்லாம் அந்த இடத்துல அழகா உக்காரும். மிஸ்டரி ரேஞ்ச், ஸ்டோன் கிளேசியர் ரெண்டும் மொன்டானால போஸ்மன்ல பொறந்த கம்பெனி, எக்ஸோ மவுண்டன் கியர் ஐடஹோ, கிஃபாரு கொலராடோ. விலைதான் மலைப்பா இருக்கும், 500ல இருந்து 800 டாலர் வரைக்கும் போகும். பேக் எடையே பெரும்பாலும் ரெண்டரை மூனு கிலோ பக்கம் வரும், வெறும் பேக்க கையில தூக்கிப் பாத்துட்டு கனமா இருக்குன்னு வேண்டாம்னு சொல்லிராதீங்க, 25 கிலோ ஏத்தும்போது அந்த அதிகப்படி ஒரு கிலோ தெரியவே தெரியாது.

இப்ப முதுகு அளவு, இதுல அவசரப்படாதீங்க. தலையக் குனிஞ்சா கழுத்து அடியில ஒரு எலும்பு முட்டிட்டு நிக்கும், அது ஒரு புள்ளி. ரெண்டு கையையும் இடுப்பெலும்பு மேல வச்சு பெருவிரல பின்னால கொண்டு போனா ரெண்டு பெருவிரலும் ஒரே கோட்டுல நிக்கும், அந்தக் கோடு இன்னொரு புள்ளி. ரெண்டு புள்ளிக்கும் நடுவுல தையக்காரர் டேப்ப வச்சு வேற ஆளு அளக்கணும், நாமளே அளந்தா தப்பா வரும். பெரும்பாலும் 16ல இருந்து 20 இஞ்சுக்குள்ள இருக்கும். உயரத்துக்கும் இதுக்கும் நேரடியா சம்பந்தம் இல்ல, என் தம்பி என்ன விட மூனு இஞ்சு உசரம், ஆனா முதுகு அளவுல நான்தான் கூட, அவனுக்கு காலுதான் நீளம். எனக்கு சரியா இருந்த பேக் அவனுக்கு சரியா இல்லாததுக்கு அதுதான் காரணம்.

முதுகு அளவு வேற, பிரேம் உசரம் வேற, இத நிறைய பேரு ஒன்னுன்னு நெனைக்காவ. பிரேம் தோள விட ரெண்டு மூனு இஞ்சு மேல நிக்கணும். தோள்வாருக்கு மேல ஒரு சின்ன வாரு பிரேம் உச்சிக்குப் போகும் பாருங்க, அது சாய்வா மேல ஏறினாத்தான் இழுக்கும்போது பாரம் தோள விட்டு எந்திரிக்கும், படுத்துக் கெடந்தா அந்த வாரு இருந்தும் பிரயோஜனம் இல்ல. கிஃபாருல 24 இஞ்சு, 26 இஞ்சுன்னு ரெண்டு உசரம் இருக்கு. நம்ம ஆளுகள்ல நிறைய பேருக்கு 24 போதும், அதுக்கு மேல போனா ஏத்தத்துல மேல அண்ணாந்து பாக்கும்போது தலை பிரேம்ல இடிக்கும், கிளையிலயும் தட்டும்.

சோதனை எப்படிப் பண்ணணும்னு சொல்லுதேன். கடையில உள்ள தலகாணிய அடைச்சுக் காட்டுவாவ, அதுல ஒன்னும் தெரியாது. எடை கேளுங்க. டெக்கத்லான் மாதிரி பெரிய கடைன்னா தண்ணி கேனோ டம்பெல்லோ எடுத்து உள்ள வச்சுப் பாக்கலாம். வீட்டுக்கு வந்துட்டுன்னா திருப்பிக் குடுக்குற நாளு முடியுறதுக்குள்ள சோதிச்சிருங்க, டேக்கக் கிழிக்காதீங்க. நான் செய்றது 25 கிலோ சிப்பத்த போர்வையில சுத்தி (சாக்கு நேரா பட்டா முதுகுல உறுத்தும்) பேக்ல கட்டி எங்க ஊரு ஆத்துப் படித்துறையில ஏறி இறங்குறது. சம தரையில எல்லா பேக்கும் நல்ல பேக்குதான், படியிலதான் குணம் தெரியும்.

போடும்போது ஒரு வரிசை இருக்கு, அத மாத்தக் கூடாது. எல்லா வாரையும் லூஸ் பண்ணிட்டு தோள்ல மாட்டுங்க, கொஞ்சம் குனிஞ்சு பேக்க மேல தூக்கி இடுப்பு பெல்ட்ட எலும்பு மேட்டுல வச்சு முதல்ல அத இறுக்குங்க. பெல்ட் நடு, இடுப்பெலும்பு முனை மேலயே உக்காரணும், வயித்துக்கு மேல ஏறக் கூடாது, நம்ம வேட்டி கட்டுற இடத்த விட ஒரு விரல் கீழன்னு வச்சிக்கிடுங்க. பொறவு தோள்வாரு, தோள்ல சும்மா பட்டும் படாம. கடைசியா மேல உள்ள அந்த சின்ன வாரும், நெஞ்சுக்குக் குறுக்க வர்ற நெஞ்சு வாரும். இப்ப தோள்வார முழுசா லூஸ் பண்ணிப் பாருங்க, பேக் இடுப்புல அப்படியே நிக்கணும். வழுக்கி கீழ இறங்குனா பெல்ட் உங்களுக்கு சரியில்ல, இல்ல பிரேம் வளையுது. பக்கத்துல ஒரு ஆள நிக்க வச்சு பக்கவாட்டுல பாக்கச் சொல்லுங்க, அப்படியே ஒரு போட்டோவும் எடுத்துக்கிடுங்க, போட்டவங்களுக்கு தெரியாதது போட்டோல தெரியும். இருபது நிமிஷம் நடங்க. அஞ்சு நிமிஷத்துல சுகமா இருந்த பேக் இருபதாவது நிமிஷத்துல தொடைய மரக்க வச்சிருக்கு எனக்கு, பெல்ட் தப்பான இடத்துல அமுக்குனா அப்படித்தான் ஆகும், அந்த பேக்க எவ்வளவு ஆசையா இருந்தாலும் வாங்காதீங்க.

சுமை கட்டுறதுக்கும் பக்குவம் உண்டு. கனமான சாமான் முதுகோட ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவுல வரணும். ரொம்ப கீழ போனா பின்னால இழுக்கும், ரொம்ப மேல போனா பாறை தாண்டும்போது தலைகுப்புற தள்ளும். இறக்கத்துல கொஞ்சம் கீழ இறக்கிக் கட்டினா காலுக்கு தைரியமா இருக்கும். எண்ணெ டின்ன நிமுத்தி வச்சு நாலு பக்கமும் துணி குடுத்து கட்டுங்க, டின் மூலை ஒரு தடவ முதுகுல ஏறிட்டுன்னா மலை இறங்குற வரைக்கும் அதுதான் ஞாபகம்.

ஆத்தக் கடக்கும்போது இடுப்பு பெல்ட்டையும் நெஞ்சு வாரையும் கழட்டிருங்க. இத கெஞ்சிக் கேக்குதேன். மேல மழை பெஞ்சா நம்ம மலை ஓடைல தண்ணி திடீர்னு ஏறும், கால் வழுக்கி விழுந்தா பேக்க உதறிட்டு எந்திரிக்க முடியணும், அரிசி போனா போட்டும்.

துணிக்கு 500 டெனியர் (நூலோட தடிமன் கணக்கு) கார்டுரா, அதான் கெட்டி நைலான் துணி, அது போதும், 1000 டெனியர் தேவையில்லாத கனம். அத விட முக்கியம் உள்பக்கம் பூசியிருக்க பாலியூரித்தேன் கோட்டிங், அது ஈரக் காத்துல வச்சே கெட்டுப் போகும், நாலஞ்சு வருஷத்துல பிசுபிசுன்னு உரிஞ்சு வரும். அதனால மலைல இருந்து வந்ததும் பேக்க சுருட்டி பரண்ல போடாதீங்க, தண்ணில அலசி வேர்வை உப்பப் போக்கி நிழல்ல காயப் போடுங்க. உப்பு இருந்தா எலியும் வந்து வார கடிச்சிரும்.

ஊருல வெல்டிங் பட்டறைல அலுமினியச் சட்டகம் செய்யலாமேன்னு கேப்பீங்க, நானும் செஞ்சு பாத்தேன். நல்லாத்தான் ஒட்டினாவ, ஆனா அலுமினியத்துக்கு சூடு பட்டா ஒட்டின இடத்து ஓரத்துல பலம் போயிரும், மூனாவது நடையில அங்கதான் கீறல் விட்டுச்சு. அது உலோகத்தோட குணம், செஞ்சவர் மேல குத்தம் சொல்ல முடியாது. செய்யணும்னா வெல்டிங் வேண்டாம், ஒரே குழாய வளைச்சு போல்ட் போட்டு செய்யுங்க.

எத வாங்கன்னு கேட்டா, உங்க சாமான் மட்டும் தூக்க, 15 கிலோவுக்குள்ளன்னா நல்ல உள் சட்டகம் போதும், வேட்டை பேக்குக்கு காசக் கரியாக்காதீங்க. போனக்காடு வழியா கேரளா பெர்மிட்ல அகஸ்தியர்கூடம் ஏறப் போறவங்களுக்கும் அதே போதும், 1868 மீட்டர் மலைல தேவையில்லாத கிலோ ஒவ்வொன்னும் முழங்கால்ல தெரியும். ஊருக்கே அரிசி தூக்குற ஆளுன்னா, அன்னதானம், முகாம் வேலைன்னு வருஷத்துக்கு அஞ்சாறு தடவ 20 கிலோவுக்கு மேல தூக்குவீங்கன்னா வேட்டை வகை வாங்குங்க, இல்ல பழைய வெளிச் சட்டகம் ஒன்னத் தேடிப் பிடிச்சு அதுல நல்ல தடிச்ச இடுப்பு பெல்ட்டா மாத்திக்கிடுங்க, கால்வாசிக் காசுல முக்காவாசி சுகம் கிடைக்கும். வெளிநாட்டுல சொந்தக்காரங்க இருந்தா பழசு கேளுங்க. கேக்கும்போது உங்க முதுகு அளவு, இடுப்புச் சுத்தளவு ரெண்டையும் இஞ்சுல எழுதி அனுப்புங்க, பேன்ட் சைஸ சொல்லாதீங்க. அத்தான் எனக்கு முதல்ல கொண்டு வாரேன்னு சொன்னது 26 இஞ்சு பிரேமு, "மாப்ள, டேப்ப வச்சு அளந்து சொல்லுல"ன்னு அவியளே கேட்டதாலதான் 24 வந்துச்சு.